கிளிஞ்சல்மேட்டு வலையும் கலிலேயா வலையும்

தமிழிலக்கிய வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பாடவேளை வரும். ‘கிறித்தவர்களின் தமிழ்த்தொண்டு’ என்று கரும்பலகையில் எழுதுவோம். 1578 தம்பிரான் வணக்கம், 1715 புதிய ஏற்பாடு, 1726 தேம்பாவணி என ஆண்டுகளை அடுக்குவோம். வீரமாமுனிவர் எகர ஒகரங்களின் வரிவடிவத்தைத் திருத்தியதையும் சதுரகராதி தொகுத்ததையும் சொல்வோம். மாணவர் எழுதிக்கொள்வர், மணி அடித்துவிடும். அத்தொண்டர்கள் எந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு கடல் கடந்து வந்தார்கள், அந்நூல் எப்படித் தோன்றியது, அதன் உள்ளே இருப்பதென்ன என்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டோம். ஓலை கொண்டுவந்தவனுக்கு மாலையிட்டு விருந்து வைத்துவிட்டு, ஓலையைப் பிரிக்காமலே பரணில் போட்டுவிடுகிறோம்.

ஏறத்தாழப் பதினெட்டாண்டுகள் நாமும் இப்படியே நடத்தினோம். இது தவறு என்று இன்று கருதுகிறோம். நாம் கிறித்தவரல்லோம், எவரையும் கிறித்தவராக்கும் எண்ணமும் நமக்கில்லை. தமிழ் பயின்றவர் என்ற முறையில் மட்டுமே பேசுகிறோம். விவிலியத்தையும் அதன் அடிப்படைக் கொள்கைகளையும் அறியாமல், கடந்த 450 ஆண்டுத் தமிழ் உரைநடையை ஒருவர் முழுதாகப் படித்தவராக முடியாது. இந்த எண்ணம் நம்முள் உறுதிப்பட்டது ஒரு மாணவியால்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைத் துணிந்து செய்தோம். மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படியெடுத்து வகுப்பில் கொடுத்தோம். உவமைகள் நிறைந்த பகுதி. அணியிலக்கணம் நடத்தவும் உதவும் என்பது நம் கணக்கு. அதில் விண்ணரசை ஒரு வலைக்கு ஒப்பிடும் உவமை உண்டு. கடலில் இடப்பட்ட வலை எல்லா வகை மீனையும் வாரிக்கொள்கிறது. நிறைந்ததும் கரைக்கு இழுக்கிறார்கள். உட்கார்ந்து நல்லவற்றைக் கூடையில் சேர்த்து, ஆகாதவற்றை எறிகிறார்கள். வகுப்பில் கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் மாணவி ஒருவர் இருந்தார். பெரும்பாலும் பேசமாட்டார். அன்று எழுந்து, “ஐயா, இது என்ன வலை?” என்றார்.

“வலைதான் அம்மா” என்றோம்.

“வலைன்னா எந்த வலை ஐயா? இதுல ‘வீசப்பட்டு’ன்னு போட்டிருக்கு. வீசுறது வீச்சுவலை. அதை ஒரு ஆள் வீசி ஒரு ஆளே இழுத்துடுவான். பல பேரு சேர்ந்து கரைக்கு இழுத்து, உட்கார்ந்து பிரிக்கிறதுன்னா அது கரைவலை. ரெண்டும் எப்படி ஐயா ஒண்ணாகும்?”

நம்மிடம் விடையில்லை. வீட்டிற்கு வந்து கிரேக்க மூலத்திற்கான சொல்லடைவுகளைப் புரட்டினோம். (நமக்குக் கிரேக்கம் தெரியாது, எழுத்துக்கூட்டத் தெரியும், அவ்வளவே.) மாணவி சொன்னதே சரி. புதிய ஏற்பாட்டின் மூலத்தில் வலைக்கு மூன்று சொற்கள் ஆளப்படுகின்றன. சீமோனும் அவர் தம்பி அந்திரேயாவும் இயேசுவைச் சந்திக்கும்போது கையில் வைத்திருந்தது ‘அம்ஃபிபிளேஸ்த்ரோன்’. சுற்றிலும் வீழுமாறு எறிவது, அதாவது வீச்சுவலை. விண்ணரசுக்கு உவமையானது ‘சகேனே’; இழுத்து வாரும் பெருவலை, நம் கரைவலையின் இனம். ‘திக்த்துவோன்’ என்பது வலைக்குப் பொதுப்பெயர். தமிழ் மொழிபெயர்ப்புகள் மூன்றையும் ‘வலை’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிட்டன.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். உவமையே குறைந்துவிட்டது. வீச்சுவலை தனியாள் திறமை. முழங்காலளவு நீரில் நின்று, மீன் ஓடும் இடம் பார்த்து, குறி வைத்து எறிவது. கரைவலை அப்படியன்று. ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுப் படகு அரைவட்டமாகப் போய் வலையை இறக்கிக்கொண்டே மறுமுனையைக் கரையின் வேறோரிடத்தில் சேர்க்கும். இருபுறமும் ஆள்கள் நின்று ஒரே சீராக இழுக்க வேண்டும். நடுவிலிருக்கும் மடியில் வந்து சேர்வதெல்லாம் சேரும்: மத்தி, நண்டு, நுங்கு போன்ற சொறிமீன், யாரோ எறிந்த செருப்பு. அவ்வலை தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வு கரையில்தான், அதுவும் இழுத்து முடித்த பிறகுதான். கிறித்தவத்தின் இறுதித் தீர்ப்பு என்னும் கொள்கை இவ்வுவமையில் இருக்கிறது. இழுக்கும் நேரத்தில் எவன் நல்லவன், எவன் ஆகாதவன் என்று பிரிப்பது வலைஞர் வேலையன்று; முடிவில் வானதூதர் செய்வது என்கிறது நூல். ‘வீசி’ என்று மொழிபெயர்த்தவுடன் அந்தப் பொறுமை போய், குறிபார்த்துப் பிடிக்கும் ஒரு கடவுள் வந்துவிடுகிறார்.

கிரேக்கம் தெரிந்த அறிஞர் குழு பார்க்கத் தவறியதைக் கிளிஞ்சல்மேட்டுப் பெண் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டார்.

நிற்க. நூல் எப்படித் தோன்றியது என்பதைச் சொல்லாமல் மேலே போனால் நாமும் பழைய ஆசிரியராகிவிடுவோம். இயேசு யூதர், உரோமப் பேரரசின் கீழிருந்த கலிலேயாவில் வளர்ந்தவர், பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலத்தில் (கி.பி. 26-36) சிலுவையில் அறையப்பட்டவர். அவர் தம் கைப்பட ஒரு நூலும் எழுதவில்லை. அவர் பேசியது அரமேயம். அவரைப் பற்றி எழுதப்பட்டது கிரேக்கம். புதிய ஏற்பாட்டில் காலத்தால் முந்தியவை நற்செய்திகள் அல்ல, பவுலின் கடிதங்கள் என்பதும், அவை ஐம்பதுகளில் எழுந்தவை என்பதும் ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. நற்செய்திகளில் முந்தியதாகக் கருதப்படும் மாற்கு 70-ஆம் ஆண்டை ஒட்டியது. அதாவது நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையில் ஒரு தலைமுறைக் காலம் வாய்மொழியாகவே இருந்தது. வாய்மொழி மரபு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் துறையினர் இதைக் கேட்டால் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும்.

யூதர்களின் மறைநூலே கிறித்தவர்க்குப் பழைய ஏற்பாடு. அதனை இயேசுவுக்கு முன்பே அலெக்சாந்திரியா யூதர்கள் கிரேக்கத்தில் பெயர்த்திருந்தனர். அக்கிரேக்கத் தொகுப்பிலிருந்த கூடுதல் நூல்களை ஏற்பதா விடுவதா என்பதில்தான் கத்தோலிக்கருக்கு 73 நூல்களும் சீர்திருத்தத் திருச்சபையினருக்கு 66 நூல்களும் ஆயின. புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இவைதாம் என்று இன்றுள்ளவாறே வரிசைப்படுத்திய பழைய பட்டியல் 367-இல் அத்தனாசியு எழுதிய மடலில் கிடைக்கிறது. நம்பியாண்டார் நம்பி திருமுறை வகுத்த கதையை நடத்தும்போது இதையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் தொகுப்பு என்னும் செயலே மாணவர்க்கு விளங்கும். எதைச் சேர்த்தார்கள், எது வெளியே நின்றது, யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது.

இதில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. மாற்கு கிரேக்கத்தில் எழுதிக்கொண்டே வருபவர், சில இடங்களில் இயேசுவின் அரமேயச் சொல்லை அப்படியே வைத்துவிட்டு உடனே பொருள் சொல்கிறார். இறந்துகிடந்த சிறுமியை எழுப்பும்போது, செவிடரின் காதைத் திறக்கும்போது, சிலுவையில் கதறும்போது. கெத்செமனே தோட்டத்து வேண்டுதலில் அச்சொல் ‘அப்பா’. கிரேக்க வாசகருக்கு அதன் பொருளை விளக்க வேண்டியிருந்தது. தமிழ் வாசகருக்கு வேண்டியதில்லை! (உடனே அரமேயத்துக்கும் தமிழுக்கும் கொடுக்கல் வாங்கல் கற்பிக்கக் கிளம்பிவிட வேண்டா. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.) மொழிபெயர்ப்பு என்பது இச்சமயத்திற்குப் பிற்காலத்தில் ஏற்பட்ட தேவையன்று, பிறக்கும்போதே உடன்பிறந்தது. ஆகவே விவிலியத் தமிழை ‘அயல்நாட்டார் தமிழ்’ என்று ஒதுக்குவதில் பொருளில்லை. கிரேக்கமும் அதற்கு ஒரு வகையில் அயல்மொழியே.

அத்தமிழ் உருவான இடம் நமக்கு எட்டாத தொலைவிலும் இல்லை. கிளிஞ்சல்மேட்டுக் கரையிலிருந்து வடக்கே கடலோரமாகவே போனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1706 சூலை 9-ஆம் நாள் சீகன்பால்க்கும் புளுட்சோவும் அங்கே வந்திறங்கினர். டென்மார்க்கு அரசர் அனுப்பிய செருமானியர்கள். சீகன்பால்க்குக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர், இரண்டே ஆண்டில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். தொடங்கிய சில வாரங்களில் தரங்கம்பாடி ஆளுநர் அவரைப் பிடித்துக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். கிறித்தவரைச் சிறையிட்டவரும் கிறித்தவரே. 1711-இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஆலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்துசேர, 1715-இல் நூல் அச்சேறியது. 1719-இல், முப்பத்தாறு வயதில், பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்த நிலையில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்.

இதற்கும் முன்பே, 1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் தம்பிரான் வணக்கம் இருக்கிறது. இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே என்று மாணவர்க்குச் சொல்கிறோம். அது யாருக்காக அச்சிடப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகள் பணிசெய்தது முத்துக்குளித்துறைப் பரதவரிடையே. தமிழின் முதல் அச்சுநூலின் வாசகர் புலவருமல்லர், மடத்தாருமல்லர், கடற்கரை மக்கள். இந்த ஒரு செய்தியை அந்த மாணவியிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நாம் மறக்கவில்லை.

சீகன்பால்க்கின் தமிழ் வழுக்கள் நிறைந்தது என்பது உண்மை. வீரமாமுனிவர் அதைக் கடுமையாக எள்ளினார்; லுத்தரன் கொள்கைகளை மறுத்து வேத விளக்கம் எழுதினார். 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடிய கைக்குத் தரங்கம்பாடித் தெருத்தமிழ் கசந்ததில் வியப்பில்லை. நம் பேராசிரியர்கள் இவ்வழக்கில் எப்போதும் முனிவர் பக்கமே தீர்ப்புச் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு உறுதியில்லை. தேம்பாவணியில் சூசையப்பர் வளனாகி, யூதேயா நாடு மருதநிலமாகி, காவிரி பாயும் நாட்டின் செழிப்போடு நிற்கிறது. அழகுதான். ஆனால் கலிலேயாவின் வலைஞரும் கூலியாள்களும் வரி தண்டுவோரும் பேசிக்கொள்ளும் மொழி அதுவன்று. மூலக் கிரேக்கமே செவ்வியல் கிரேக்கமன்று. சந்தையிலும் துறைமுகத்திலும் வழங்கிய பொதுமொழி. அவ்வகையில் பார்த்தால், மூலத்தின் தரத்தைத் தெரிந்தோ தெரியாமலோ பிடித்தவர் சீகன்பால்க்.

அடுத்து, கடவுளுக்குப் பெயரிட்ட கதை. ஹென்றிக்கஸ் ‘தம்பிரான்’ என்றார். கத்தோலிக்க மரபில் ‘சருவேசுரன்’ நிலைத்தது. சீகன்பால்க்கும் அதையே எடுத்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியசு ‘பராபரன்’ என்றார். 1871-இன் ஒன்றிணைந்த பெயர்ப்பில் ‘தேவன்’ வந்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. ஒரே இறைவனுக்கு ஐந்து பெயர்! ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வழக்கும் வருத்தமும் இருந்தன. பழகிய பெயரை மாற்றினால் வழிபாடு வாயில் ஒட்டாது. ஒவ்வொரு சொல்லும் தன்னோடு ஓர் ஊரையே அழைத்துவந்தது. தம்பிரான் என்றால் சைவ மடம் நினைவுக்கு வரும். தேவன் என்றால் முப்பத்து முக்கோடியில் ஒருவனோ என்று தோன்றும். ஒருவனே இறைவன் என்பதைத் தலைக்கொள்கையாகக் கொண்ட சமயம், பல தெய்வங்களுக்குப் பழகிய மொழியில் ஒரு பெயர் தேடி 400 ஆண்டு அலைந்தது. இதைவிடச் சிறந்த சொற்பொருளியல் பாடம் எங்கே கிடைக்கும்? யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலின் பெயர்ப்புக்குத் துணைநின்றவர் நம் ஆறுமுக நாவலர். பிற்காலத்தில் சைவத்தைக் காக்கக் களமிறங்கியவர், விவிலியத்தின் தமிழைச் செம்மைசெய்த கையும் உடையவர். நாவலரின் உரைநடைக்கு அப்பயிற்சியில் பங்கில்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

கொள்கைகளுக்கு வருவோம். மூவொரு கடவுள் கோட்பாட்டை இங்கே விரிக்கப் போவதில்லை. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் மகன் தந்தையோடு ஒரே இயல்பினர் என்று வகுத்தும் சண்டை ஓயவில்லை, நாம் இரண்டு பத்தியில் தீர்த்துவிட முடியாது. பாவம் என்ற சொல்லை மட்டும் பார்ப்போம். கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் ‘குறி தவறுதல்’. தமிழில் பாவம் என்றதும் வினை, வினை என்றதும் பல பிறவிகள் என்று மனம் ஓடுகிறது. கிறித்தவத்தில் பிறவி ஒன்றே. கழுவிக்கொள்ள அடுத்த பிறவியில்லை. ஆகையால்தான் அருள் என்பது (பழைய பெயர்ப்பில் கிருபை) அங்கே அத்தனை அவசரமாகிறது. தகுதி பார்த்துக் கொடுக்கும் கூலியன்று, தகாதவனுக்கும் கிடைக்கும் கொடை என்பது பவுலின் உயிர்நாடி. ஆனால் தமிழில் ‘பாவம்’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டல்லவா? “பாவம், அந்தப் பிள்ளை” என்கிறோம். குற்றமும் இரக்கமும் ஒரே சொல்லில். வரிதண்டுபவனோடு பந்தியமர்ந்த இயேசுவின் பார்வை அந்த இரண்டாம் பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். மொழிபெயர்ப்பாளர் இதை எண்ணிச் செய்யவில்லை; மொழி தானாகக் கொடுத்தது.

‘மனந்திரும்புதல்’ என்ற தொடர் மொழிபெயர்ப்பாளர் கொடுத்தது. கிரேக்கத்தில் மனமாற்றம், எபிரேயத்தில் வழி திரும்புதல். இரண்டையும் ஒன்றாக்கிய இத்தொடரை இன்று கிறித்தவரல்லாதாரும் எங்கிருந்து வந்ததென்று அறியாமலே வழங்குகிறோம்.

‘அவதாரம்’ தொல்லை தரும் சொல். கிறித்தவர்களே கீர்த்தனைகளில் அதைப் பாடுவதுண்டு. ஆனால் நம் அவதாரங்கள் பல, யுகந்தோறும் வருவன. கிறித்தவம் சொல்வது ஒரே ஒருமுறை, அதுவும் நாளும் இடமும் குறித்து. அவர்களது நம்பிக்கை அறிக்கையில் பிலாத்து என்ற அரசு அலுவலரின் பெயர் ஏன் வருகிறது என்று நாம் நெடுநாள் வியந்ததுண்டு. இது புராணகாலத்தில் நடந்ததன்று, இன்ன ஆளுநர் இருந்தபோது நடந்தது என்பதற்கான சாட்சிக் கையெழுத்து அது. கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டு வருவது போல.

இனி, எல்லாவற்றுக்கும் மையமானது. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை எடுத்துவிட்டால் தம் நம்பிக்கை வீண் என்று பவுலே எழுதிவிட்டார். ஆனால் உயிர்த்தெழுதல் என்றால் என்ன? மறுபிறவி அன்று. ஆன்மா அழிவற்றது என்பதும் அன்று. லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், நடுவே வந்து நின்றவரைச் சீடர்கள் ஆவியென்று எண்ணி அஞ்சுகிறார்கள். அவர் கையையும் காலையும் காட்டி, தின்ன ஏதும் உண்டா என்று கேட்டு, சுட்ட மீனை வாங்கி அவர்கள் முன்பாகத் தின்கிறார். யோவானில் அவரே கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலைபோட்டுக் களைத்து வருபவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். அன்று வலையில் மீன் நூற்றைம்பத்து மூன்று. வலை கிழியவில்லை என்ற குறிப்பும் உண்டு. மீனை எண்ணிப் பார்க்காத மீனவன் இல்லை. எண்ணிக்கைக்கு மறைபொருள் தேடும் உரையாசிரியர்கள்தாம் இதை மறந்தார்கள்.

இவ்விடத்தில் காரைக்காலில் பிறந்த எவருக்கும் வேறொருவர் நினைவுக்கு வந்தாக வேண்டும். மாங்கனி பெற்ற புனிதவதி, கணவன் அஞ்சி விலகிய பின், அவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேயுரு வேண்டிப் பெற்றார். தலையால் நடந்து கயிலை சென்றவர், திருவாலங்காட்டில் ஆடல் கண்டிருந்தார். அங்கே விடுதலை உடலை உதறுவதில். இங்கே உடல் திரும்பி வருவதில். அங்கே பேயாதல் பேறு. இங்கே ‘நான் பேயல்லன்’ என்பதற்காக மீன் தின்று காட்ட வேண்டியிருக்கிறது. எது உயர்வு என்ற வழக்குக்கே நாம் போகவில்லை. ஆனால் அம்மையாரை நடத்தும்போது லூக்காவையும், லூக்காவை நடத்தும்போது அம்மையாரையும் சொல்லாத வகுப்பு இரண்டையும் பாதிதான் நடத்துகிறது.

இதை ஒரு மாலை கிளிஞ்சல்மேட்டுக் கரையில் அந்த மாணவியின் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். வலைகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளப் போயிருந்தோம். வீச்சுவலை, செவுள்வலை, நண்டுவலை என்று தொடங்கி, கரைவலை இழுத்த காலம், சுருக்குமடியால் ஊருக்கு ஊர் வந்த பகை என்று பேச்சு நீண்டது. அவர் கிறித்தவரல்லர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடந்து போயிருக்கிறார், அது வேறு. உடல் திரும்புவது பற்றிச் சொன்னதும் சற்று நேரம் பேசாதிருந்தார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் இக்கரையில் என்ன நடந்ததென்பதை இவ்வூர்க்காரருக்கு எவரும் சொல்ல வேண்டா.

“உடம்பு கெடைக்கணும் வாத்தியாரே. கெடைச்சவங்க அழுது முடிச்சாங்க. கெடைக்காதவங்க இன்னும் வாசலைப் பாத்துக்கிட்டிருக்காங்க” என்றார்.

உடலின் உயிர்ப்பு என்னும் கொள்கையை நாம் பல நூல்களில் படித்திருக்கிறோம். அதற்கு எதிரே நிற்கும் கேள்வி இத்தகையது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இவற்றை வகுப்பில் சொன்னால் சமயப்பரப்புரை ஆகாதா என்று உடன் பணியாற்றும் ஒருவர் கேட்டார். தேவாரம் நடத்தினால் சைவப் பரப்புரையா, சீறாப்புராணம் நடத்தினால் இசுலாமியப் பரப்புரையா என்று திருப்பிக் கேட்டோம். அவை இலக்கியம் என்றார். ‘இதுவும்’ என்றோம். அவர் ஒப்பவில்லை. மறுபுறம், கிறித்தவ நண்பர் ஒருவருக்கும் மனக்குறை: திருமறையை உவமையணிக்கு எடுத்துக்காட்டாக்கிவிட்டீர்களே, வேதனாயக சாஸ்திரியாரையும் கிருஷ்ணபிள்ளையையும் நடத்தினால் போதாதா என்று. போதாது. அவர்களே எந்நூலிலிருந்து கிளைத்தார்களோ அந்நூலை விட்டுவிட்டு இரட்சணிய யாத்திரிகத்தை எப்படி நடத்துவது? இராமகாதை தெரியாதவருக்குக் கம்பனின் மாற்றங்களை விளக்குவது போலாகும்.

நாம் கேட்பது பெரிதன்று. இளங்கலைத் தமிழில் மாற்கு நற்செய்தி முழுதும். பதினாறே அதிகாரம், ஒரு வாரத்தில் படித்துவிடலாம். அதையும் 1871 பெயர்ப்பிலும் 1995 பெயர்ப்பிலும் பக்கத்தில் பக்கமாக வைத்து. கல்லறைக்கு வந்த பெண்கள் நடுக்கத்தோடு ஓடிப்போய் எவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு பழைய சுவடிகள் மாற்கை நிறுத்துகின்றன. பின்னுள்ள வரிகள் பிற்காலச் சேர்க்கை. பாடபேதம் என்றால் என்னவென்று கற்பிக்க இதைக் காட்டிலும் நல்ல இடமில்லை. அடுத்த முறை தமிழாக்கக் குழு கூடும்போது கடற்கரைச் சொற்களுக்கு அக்கரை மக்களையும் ஒருமுறை கேட்டால் நலம். ஏரிக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியும். கலிலேயாக் ‘கடல்’ உண்மையில் ஒரு நன்னீர் ஏரி என்றபோது பெரியவர் சிரித்தே விட்டார்.

பிறகு மாற்கின் முதல் அதிகாரத்தை அவருக்குப் படித்துக் காட்டினோம். சீமோனும் அந்திரேயாவும் அழைத்தவுடன் வலையை விட்டுவிட்டுப் பின்சென்றார்கள் என்ற இடத்தில் கையமர்த்தினார்.

“உடனேவா போயிட்டான்?”

“உடனே என்றுதான் இருக்கிறது.”

“அப்ப வலைக்கு வாங்குன கடனை யாரு கட்டுனா?”

பதிலுக்காக மேலே படித்தோம். அடுத்த படகில் யாக்கோபும் யோவானும் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் எழுந்து போய்விடுகிறார்கள். தகப்பனார் செபெதேயு கூலியாள்களோடு படகில் இருந்தார் என்று சொல்லி மாற்கு வேறு கதைக்குப் போய்விடுகிறார்.